நான் சரியாத்தான் பேசுறேன், கண்ட்ரோல்

மைக் அக்கா என்று அவரை முதலில் கூப்பிட்டவர்கள் பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள். பிறகு ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அப்படிக் கூப்பிட்டார்கள். கடைசியில் நிலைய மேலாளரே, "மைக் அக்கா லீவுல இருக்காங்களா?" என்று கேட்கிற அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நிலையத்தின் மாடியில், பெரிய கடிகாரத்துக்குக் கீழே, முன்பக்கம் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. விசிறியின் இரைச்சல் மைக்கில் விழும் என்று அவர் அதைப் போடவே மாட்டார். கல்யாணமான புதிதில் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அதே நாற்காலியில்தான் இருந்தார். தேன் சொட்டும் குரல் என்று சொல்ல முடியாது. தெளிவான குரல். ஒரு சொல் இன்னொரு சொல்லின் காலை மிதிக்காது. பெஞ்சில் வாய் பிளந்து தூங்குகிறவன்கூட, தன் ஊருக்குப் போகும் வண்டியை அவர் அறிவித்ததும் எழுந்து பையைத் தேடுவான். "அக்கா சொன்னாத்தான் நான் எங்க போறேன்னு எனக்கே தெரியுது" என்று ஓர் ஓட்டுநர் சொல்வார்.

வீட்டிலும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் அவர் பேச்சுத்தான். அவருடைய வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஜாதி. கல்யாணத்தன்று புகைப்படக்காரர், "சும்மா ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க" என்றபோது, "எதைப் பத்தி?" என்று கேட்டவர் அவர். அதற்குப் பிறகு அக்கா பேசுவதும் இவர் 'ம்' சொல்வதுமாக அந்தக் குடும்பம் நன்றாகவே ஓடியது.

வானொலிப் பைத்தியம் அக்காவுக்கு வந்தது ஒரு வெள்ளத்தில். ஊரில் தொலைபேசி எல்லாம் செத்துவிட்டது. எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பாலம் போய்விட்டது என்று தெரியாமல் நிலையம் முழுக்க ஜனங்கள். அப்போது ஒரு மருந்துக்கடைக்காரர் தோளில் பேட்டரியும் கையில் செட்டுமாக அக்காவின் அறைக்கு வந்தார். உயரமான ஜன்னல் வேண்டும், ஆன்டெனா கட்ட வேண்டும் என்றார். அவர் பொழுதுபோக்காக வானொலிப் பெட்டியில் பேசுகிற அமெச்சூர் வானொலிக்காரர். அந்தப் பெட்டியில் மலைக்கு அப்பாலிருந்து யாரோ பதில் பேசினார்கள். அக்கா அசந்துபோனார். ஆனால் மருந்துக்கடைக்காரர் பேசிய விதம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பாதிச் சொல்லை முழுங்கிடுறீங்களே சார், அவங்களுக்கு எப்படிப் புரியும்? இங்க கொடுங்க, நான் சொல்றேன்."

"லைசென்ஸ் இல்லாம தொடக் கூடாதும்மா."

"அப்ப அதை எங்க வாங்கணும், அதைச் சொல்லுங்க."

அப்படித்தான் தொடங்கியது. படித்தார், பரீட்சை எழுதினார், தேறினார். வானொலியில் தன்னை அடையாளம் சொல்ல அவருக்குக் கிடைத்த அழைப்புக்குறியின் கடைசி எழுத்து எம். வானொலிக்காரர்கள் எம் என்பதை 'மைக்' என்றுதான் சொல்வார்கள். அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த பெயர் என்று நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வீட்டில் துணி தேய்க்கும் மேசை செட்டுக்குப் போனது. அதன் பக்கத்தில் யாரும் ஈரத்துணியோடு வரக் கூடாது. வீட்டுக்காரர் தூசி தட்டக்கூடத் தொடக் கூடாது. அவர் தொடவும் இல்லை. மாலை நேரங்களில் மனைவி, "எக்ஸ்-ரே, லீமா, எழுபத்து மூணு, உங்க சிக்னல் அஞ்சு ஒன்பது" என்று யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார். ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. புரிய வேண்டும் என்றும் அவர் நினைத்ததில்லை.

வருஷா வருஷம் ஊருக்கு வெளியே ஒரு நெடுந்தூர ஓட்டப் பந்தயம் நடக்கும். விளையாட்டுத் திடலில் தொடங்கி, மலைச் சாலையில் ஏறி, நீர்த்தேக்கத்தைச் சுற்றி, மறுபுறம் இறங்கித் திரும்பவும் திடலுக்கு வர வேண்டும். விடிகாலையில் புறப்படுகிறவர்களில் கடைசி ஆள் வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அந்த வழியில் பாதிக்கு மேல் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. அதனால் ஒவ்வொரு தண்ணீர் மேசைக்குப் பக்கத்திலும் ஒரு வானொலிக்காரரை உட்கார வைப்பார்கள். அந்த இடத்துக்குப் பெயர் பாயிண்ட். ஓடி வருகிறவரின் மார்பில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்துத் திடலில் இருக்கும் கண்ட்ரோலுக்குச் சொல்ல வேண்டும். ஓர் எண் மூன்றாவது பாயிண்டைத் தாண்டி, நெடுநேரமாகியும் நான்காவதுக்கு வரவில்லை என்றால், நடுவில் யாரோ விழுந்து கிடக்கிறார். அவ்வளவுதான் வேலை. கூலி என்று பார்த்தால் ஒரு தொப்பியும் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும்.

அந்த வருஷம் அக்காவுக்கு நான்காவது பாயிண்ட். அணைச் சாலையில் பூட்டிக் கிடந்த பம்ப் அறையின் நிழல். வீட்டுக்காரர் தன் வேனில் கூட்டிவந்து, மடக்கு மேசையை விரித்து, பேட்டரியை இறக்கி வைத்து, ஆன்டெனாவைப் பம்ப் அறைக் குழாயில் கட்டிக் கொடுத்தார். பிறகு பத்தடி தள்ளி ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யாருடைய மேசை விசிறியையோ பிரிக்க ஆரம்பித்தார். சாலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மேசை. அங்கே கல்லூரிப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டுப் போட்டு, ஓடி வருகிறவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலை முழுக்க எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. திடலில் கூடாரத்துக்குள் கண்ட்ரோலாக உட்கார்ந்திருந்தவர் அதே மருந்துக்கடைக்காரர்.

"கண்ட்ரோல், நாலாவது பாயிண்ட். முப்பத்தொண்ணு, நாப்பத்தெட்டு, நூத்தி ஆறு, மூணு பேரும் தாண்டியாச்சு. ஓவர்."

"ராஜர். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கக்கா. பஸ்ஸா கிளம்புது?"

"பஸ்ஸை விட இவங்க நேரத்துக்கு வர்றாங்க சார். எழுதுங்க, எழுதுங்க."

வெயில் ஏறியது. மஞ்சள் பனியன் போட்ட ஓர் உயரமான ஆள், அறுபத்திரண்டாம் எண், ஒரு காலை லேசாக இழுத்தபடி வந்து, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு போனார். அக்கா பொத்தானை அழுத்தினார். "அறுபத்திரண்டு தாண்டியாச்சு, ஓவர்" என்றார்.

அப்படித்தான் சொன்னதாக அவர் நினைத்தார்.

"நாலாவது பாயிண்ட், மறுபடி சொல்லுங்க."

மறுபடி சொன்னார்.

"சன்னலா? என்ன சன்னல்? நம்பரைச் சொல்லுங்கக்கா."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பந்தய நாளில் என்ன விளையாட்டு இது? "நான் சரியாத்தான் பேசுறேன் கண்ட்ரோல், காதுல இருக்கிற பஞ்சை எடுத்துட்டுக் கேளுங்க" என்றார். இதெல்லாம் பல மாதம் கழித்து, கையாலும் உடைந்த சொற்களாலும் அவர் விளக்கியது. கூடாரத்துக்கு வந்து சேர்ந்தது வேறு. "சன்னல் பஞ்சு. மாடி அறுபது சன்னல் போகுது சன்னல்."

குரல் குழறியிருந்தால் மருந்துக்கடைக்காரருக்கு உடனே உறைத்திருக்கும். குழறவில்லை. பேருந்து நிலையத்தில் ஒலிக்கிற அதே குரல். ஒவ்வொரு சொல்லும் அளந்து வைத்த மாதிரி, கணீரென்று, ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல். "அதைத்தான் என்னால இன்னும் தாங்க முடியலை" என்று அவர் பிற்பாடு சொல்வார். "அவ்வளவு தெளிவா ஒரு அர்த்தமில்லாத பேச்சை நான் கேட்டதே இல்லை."

ஐந்தாவது பாயிண்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அவர் குறுக்கே வந்து சிரித்தார். "மைக் அக்கா ஏதோ புதுசாக் கோட் கண்டுபிடிச்சிருக்காங்க போல."

செட்டில்தான் கோளாறு என்று அக்கா முடிவு செய்தார். பேட்டரி இறங்கியிருக்கும். மாற்று பேட்டரியின் ஒயரை எடுத்துச் சொருகப் பார்த்தார். வலது கை ஒயரைப் பிடித்தது, ஆனால் பிடித்த மாதிரி தெரியவில்லை. விரல்கள் வேறு யாருடையவோ போல இருந்தன. ஒயர் நழுவியது. மேசையில் இருந்த பேனா உருண்டு விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவருக்கு நிமிர்வது பெரும்பாடாக இருந்தது. கை மரத்துப்போச்சு, ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். இடது கையால் பொத்தானை அழுத்தி, வந்துபோன எண்களை வரிசையாக மறுபடி சொன்னார். சன்னல், மாடி, சன்னல், சன்னல்.

பத்தடி தள்ளி, வீட்டுக்காரர் விசிறி மோட்டாரில் செப்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழுந்தது. அவர் தலை நிமிரவில்லை.

கூடாரத்தில் மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"எல்லா பாயிண்ட்டும் பேச்சை நிறுத்துங்க. யாரும் குறுக்க வராதீங்க. மைக் அக்கா, நான் சொல்றது கேக்குதா? உங்க அழைப்புக்குறியை ஒருதடவை சொல்லுங்க."

தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்லக்கூடிய ஐந்தாறு எழுத்து. அக்கா சொன்னார். சொல்லி முடித்ததும் மறுமுனையில் சத்தமே இல்லை. கேலி இல்லை, 'மறுபடி சொல்லுங்க' இல்லை. வெறும் இரைச்சல். அந்த மௌனம்தான் அவருக்குள் எதையோ அசைத்தது. திரும்பவும் வாயைத் திறந்தார். இந்தத் தடவை, தன் வாயிலிருந்து வருவதைத் தன் காதாலேயே கேட்டார்.

சன்னல் சன்னல் மாடி.

யார் பேசுவது என்று சுற்றிலும் பார்த்தாராம். பக்கத்தில் யாரும் இல்லை. வாயை மூடினார், அந்தக் குரலும் நின்றது.

"அக்கா, பேசாதீங்க." மருந்துக்கடைக்காரரின் குரல் இப்போது வேறாக இருந்தது. ஒரு சொல்லையும் முழுங்காமல், நிறுத்தி நிறுத்திப் பேசினார். "பொத்தானை மட்டும் அழுத்துங்க. ஆமான்னா ரெண்டு தடவை. இல்லேன்னா ஒரு தடவை. அண்ணன் உங்ககூட இருக்காரா?"

இரண்டு தடவை.

"செட்டை அவர் கையில கொடுங்க."

கொடுக்க முடியவில்லை. எழுந்து நிற்கக் கால் வரவில்லை. கூப்பிடலாமென்றால் வாய் சன்னல் என்கிறது. இடது கையால் மேசையை ஓங்கித் தட்டினார். வீட்டுக்காரர், "ம்?" என்றார், நிமிராமல். மறுபடி தட்டினார். மேசை கவிழ்ந்தது.

அப்போதுதான் அவர் பார்த்தார்.

மனைவியின் முகம் இரண்டு பேருடைய முகத்தை ஒட்டவைத்தது போல இருந்தது. இடது பாதி அவர் மனைவி. வலது பாதி கீழே வழிந்துகொண்டிருந்தது. வாயோரத்தில் எச்சில். வலது கை மடியில், யாரோ மறந்துவிட்டுப்போன பொருள் மாதிரி கிடந்தது. அவர் கையிலிருந்த மோட்டார் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. மண்ணில் கிடந்த செட்டிலிருந்து, "அண்ணே, அண்ணே, செட்டை எடுங்க" என்று ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் கை தயங்கியது. தொடக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்த பொருள்.

"எனக்கு லைசென்ஸ்..."

"உயிர் போற நேரத்துல யார் வேணா பேசலாம்ணே! அக்கா முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. வாய் கோணியிருக்கா?"

"இருக்கு. ஐயோ, இருக்கு. ஒரு பக்கமா... கை தூக்க மாட்டேங்குது. என்னாச்சு சார்? என்ன சார் இது?"

"பக்கவாதம்ணே. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. தண்ணி கொடுத்துடாதீங்க, ஒரு சொட்டுகூட. ஆம்புலன்ஸ் அஞ்சாவது பாயிண்ட்டுல நிக்குது, இதோ அனுப்புறேன்."

சாலைக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் எழுந்து நின்று, "பாட்டை நிறுத்துங்கடா!" என்று கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்தி அக்கா கேட்டதில்லை. மண்ணில் படுத்தபடி, அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அக்காவுக்குத் தன் நிலைமை முழுக்க விளங்கியது.

அணைச் சாலை ஒரு வண்டி போகத்தான் அகலம். எதிரே ஓட்டக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தபால்காரர் ஆம்புலன்ஸின் முன்னிருக்கையில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, விசில் ஊதிக்கொண்டே வந்தார். சற்று முன்னால் சிரித்த வாய் அது. மூன்றாவது பாயிண்டில் இருந்தவர் அங்கே வந்து சேர்ந்தவர்களை அங்கேயே நிறுத்தி வைத்தார். ஓட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்கள். யார் எங்கே விழுந்தாலும் தெரிய வேண்டும் என்று கட்டிவைத்த அந்த ஏற்பாடு முழுவதும், ஓடாமல் நிழலில் உட்கார்ந்திருந்த ஒருவருக்காக வேலை செய்தது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சது?" என்பதுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு, நேரம் கடந்தால் அதைப் போட முடியாது. வீட்டுக்காரர் பேயடித்தவர் மாதிரி நின்றார். பக்கத்திலேயே இருந்தவருக்குத் தெரியவில்லை. மலைக்குக் கீழே கூடாரத்தில் இருந்தவருக்குத் தெரிந்தது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்ற மருந்துக்கடைக்காரர், "அறுபத்திரண்டு தாண்டினப்ப" என்றார்.

"யாரு அறுபத்திரண்டு?"

அவர் தலையை உலுக்கிக்கொண்டு நேரத்தைச் சொன்னார். ஊசி போட்டார்கள்.

மகள் வெளியூரில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். கிடைத்த வண்டியைப் பிடித்து வந்தவள், நடந்ததை மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டு நேராக அப்பாவிடம் போனாள். வார்டு வாசலில் எல்லோருக்கும் முன்னால்.

"பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களேப்பா! அம்மா பாட்டுக்குச் சன்னல் சன்னல்னு சொல்லிட்டிருந்திருக்காங்க. காதுல விழலையா?"

"விழுந்தது."

"அப்புறம்?"

"ரேடியோ பாஷைன்னு நினைச்சேன்." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்கம்மா பேசுறது எனக்கு என்னிக்கும்மா புரிஞ்சிருக்கு?"

வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவர் அன்று முழுக்க அந்த நடைபாதையில்தான் உட்கார்ந்திருந்தார். விரல் நகங்களில் விசிறியின் கிரீஸ் அப்படியே இருந்தது.

உயிர் தப்பியது. காலுக்கு மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை. வந்தது ஒரே ஒரு சொல். கண்விழித்த அன்று, வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து அக்கா, "சன்னல்" என்றார். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார். "சன்னல்" என்றார் மறுபடி. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதோ என்று சாத்தினார். "சன்னல்! சன்னல்!" பாதி திறந்தார். அக்காவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜன்னல் கதவைப் பிடித்தபடி நின்றார். அதன் பிறகு நர்ஸ் வந்து சொல்லித்தான் தெரிந்தது. அவருக்குத் தண்ணீரும் சன்னல்தான், வலியும் சன்னல்தான், மகளும் சன்னல்தான்.

"உள்ள எல்லாம் அப்படியேதான் இருக்கு" என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் விளக்கினாள். "நாம சொல்றது அவங்களுக்குப் புரியுது. சொல்ல வேண்டியதும் மனசுல இருக்கு. வாய்க்கு வர்ற வழிதான் அடைச்சிருக்கு. நீங்க அவங்ககூடப் பேசிக்கிட்டே இருங்க சார். எதையாவது பேசுங்க."

இதைக் கேட்டு அக்காவுக்கு ஏற்பட்டதைவிட, அவர் வீட்டுக்காரருக்கு ஏற்பட்ட அதிர்ச்சி பெரிது. எதைப் பேசுவது? அவருக்குத் தெரிந்தது ஃப்ரிட்ஜ். ஆகவே வீடு திரும்பியதும் அதையே ஆரம்பித்தார். காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நேற்று எந்த வீட்டில் எந்தக் கம்ப்ரெஸர் ஏன் போயிற்று என்று சொல்வார். கேஸ் எங்கே கசியும், கதவின் ரப்பர் ஏன் இளகும், புதுமாடல்களில் ஏன் தரமில்லை என்பார். முதலில் ஒரு வாக்கியம், பிறகு இரண்டு. மடை உடைந்தது மாதிரி ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டு காய்கிற வரைக்கும் பனிக்கட்டி உறைவதைப் பற்றியே பேசினார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பேச்சு.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். உதட்டைக் கடித்தார். முகம் சிவந்தது. கடைசியில் இடது கையை உயர்த்தி, "போ... போதும்" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் வெறித்துப் பார்த்தார்கள். மகள் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன சொன்னே? இன்னொருதடவை சொல்லு" என்று அவர் கெஞ்ச, அக்கா இன்னொரு தடவை, இன்னும் அழுத்தமாகச் சொன்னார். அன்றைக்கு அந்த வீட்டில் அழாதவர்கள் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக, கூப்பிடாத விருந்தாளி மாதிரி, அவை நினைத்த நேரத்தில் வந்தன. எண்கள் மட்டும் வரவில்லை.

ஒருநாள் பயிற்சி முடிந்து திரும்பும்போது வேன் பழுதாகிவிட, இருவரும் பேருந்து நிலையத்துக்கு வர வேண்டியிருந்தது. உடம்பு கெட்டபின் அக்கா அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை. மூட்டை தூக்குகிறவர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அக்கா உட்காரப் போனபோது, தலைக்கு மேலே ஒலிபெருக்கி உயிர்பெற்றது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வடக்கு வழித்தட விரைவுப் பேருந்து மூன்றாம் நடைமேடையிலிருந்து..."

அக்கா பாதி உட்கார்ந்தவாறே விறைத்துப்போனார். இடது கை வீட்டுக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"யா... யாரு?"

அவர் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். "நீதான்" என்றார்.

இல்லை என்று அக்கா தலையாட்டினார். இன்னும் பலமாக ஆட்டினார். லீவு நாட்களில் போடுவதற்காக முன்னொரு காலத்தில் அவரே பதிவு செய்து கொடுத்தவை அவை. ஆள் கிடைக்காததால் தினமும் அதையே போட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவருக்கு மறந்தே போயிருந்தது. தன் குரல் தன்னை விட்டுவிட்டு இங்கே வந்து தனியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது போல மேலே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சேதி தெரிந்து மாடியிலிருந்து இறங்கிவந்த மேலாளர், "நிறுத்தச் சொல்லிடுறேன்கா" என்று தடுமாறினார்.

அறிவிப்பு இரண்டாம் தடவை தொடங்கியது. அப்போது அக்காவின் உதடுகள் அசைந்தன. முதலில் காற்று மட்டும். பிறகு ஒலிபெருக்கியின் குரலோடு ஒட்டிக்கொண்டு, அரை அடி பின்தங்கி, "...கவனத்திற்கு... வடக்கு வழித்தட... மூன்றாம்..." என்று அவர் வாயிலிருந்து வந்தது. மூன்றாம் என்பது ஓர் எண். வீட்டுக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒலிபெருக்கி நின்றது, அவர் பேச்சும் கத்தரித்தாற்போல நின்றது. தனியாகச் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. பல்லைக் கடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தார். தங்களுடைய பேருந்து வந்து போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, கூடச் சேர்ந்து சொல்வது சிலருக்கு வரும், பாட்டு வருவது மாதிரி என்றாள். மேலாளரிடமிருந்து அந்தப் பதிவுகளின் நகல் வாங்கினார்கள். வீட்டில் தினமும் காலை அக்காவின் குரல் வண்டிகளை அறிவிக்க, அக்கா அதோடு சேர்ந்து அறிவிப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் பயந்து, பிறகு கடிகாரமாக வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவின் சத்தத்தைக் குறைத்தார்கள். சத்தம் குறையக் குறைய அவருக்கு வார்த்தை தடுக்கும். அந்த எல்லையில்தான் அவருடைய நாட்கள் கழிந்தன.

மாடி அறைக்கு அவர் திரும்பவில்லை. அதற்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். நல்ல குரல், கொஞ்சம் அவசரம். அக்காவுக்கு நிலையத்திலேயே, பயணிகள் தவறவிட்ட பொருட்கள் பிரிவில் இடம் கொடுத்தார்கள். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு முழு ஹார்மோனியம். தேடி வருகிறவர்கள்தான் பேசுவார்கள், இவர் கேட்டால் போதும். என்ன பொருள், என்ன நிறம் என்று சொல்லத் தெரியாமல், கையை ஆட்டிக்கொண்டு தடுமாறுகிறவர்களிடம் அவருக்குப் பொறுமை அதிகம்.

அடுத்த பந்தயம் வந்தபோது அக்காவை விட்டுவிட யாருக்கும் மனமில்லை. கூடாரத்தில் மருந்துக்கடைக்காரருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்போன். எந்த பாயிண்டிலிருந்து எந்த எண் வந்தாலும், அட்டையில் அச்சிட்டிருந்த எண்ணை இடது விரலால் தொட்டுக் காட்டினார். ஒன்றும் தவறவில்லை. யாராவது ஓர் ஆபரேட்டரின் பேச்சு கொஞ்சம் இழுத்தாற்போல இருந்தால், மருந்துக்கடைக்காரரின் தொடையில் கிள்ளுவார். அவர் உடனே, "அண்ணே, நல்லாத்தானே இருக்கீங்க? பேரைச் சொல்லுங்க" என்று கேட்பார். தபால்காரர் அன்று மட்டும் நான்கு தடவை தன் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் மிட்டாய் இருந்ததாம்.

கடைசி ஓட்டக்காரர் எல்லைக் கோட்டைத் தாண்டியதும், வழக்கம்போல எல்லோருக்கும் நன்றி சொல்லி அன்றைய வானொலிப் பேச்சை முடித்துவைக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர் மைக்கை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார். மகள் கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். மலை முழுக்க ஒவ்வொரு செட்டிலும் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அக்கா மைக்கைப் பார்த்தார். எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேசையில் வைத்தார்.

"வேணாம்" என்றார். "பசிக்குது."

மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல்லையும் விழுங்காமல், தானே நன்றி சொல்லி முடித்தார். அதற்குள் அக்கா வெளியே போய், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பிரித்துக் கொடுக்கக் கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.